சாக்குப் பிடிக்க ஒருத்தி

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஒருசந்தி, ஒன்றும் சாப்பிடவில்லை. மதியம் கஞ்சியும் காணத்துவையலும். இந்தத் தவக்காலத்துக்கு மீனையும் விட்டிருக்கிறேன். இவர் துவையலைத் தொட்டு நக்கிவிட்டு, சுவரிலிருந்த மாதா படத்தைப் பார்த்து, "உயிர்ப்பு ஞாயிறு எப்பம் தாயே வரும்?" என்றார். சிரித்துவிட்டேன். வாங்கியது மெழுகுதிரி, உப்பு, தீப்பெட்டி. கணக்கு நோட்டின் முன்பக்கத்தில் இருக்கிறது. பின்பக்கம் இதற்கு.

பெங்களூரிலிருந்து மகள் ஷாலெட் பேசினாள். நர்சிங் பீசுக்குக் கடைசித் தேதி சொன்னார்களாம். ஹாஸ்டல் தோழிகள் அவளுடைய அத்தை எங்கே வேலை பார்க்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். இவள் பழக்கத்தில் "அண்டி ஆபீஸ்" என்று சொல்ல, சர்க்கார் வேலை என்று நினைத்துக்கொண்டார்களாம். முந்திரிக்கொட்டை உடைக்கிற இடத்துக்கு ஆபீஸ் என்று பேர் வைத்த புண்ணியவான் யாரோ.

அந்த அத்தைதான் செறாபின், இவருடைய ஒரே தங்கை. கட்டினவன் கேரளாவுக்குப் போய் அங்கேயே ஒருத்தியோடு தங்கிவிட்ட பிறகு எங்கள் அடுத்த வீட்டில் தனியாக இருக்கிறாள். அண்ணன் மேஸ்திரி, தங்கை உடைப்புக்காரி, இரண்டு பேரும் ஜெறோம் முதலாளியின் ஆபீஸில்தான். கொட்டையின் தோட்டுக்குள் இருக்கிற எண்ணெய் விரலைத் தின்னாமலிருக்கச் சாம்பலைப் பூசிக்கொண்டு உடைப்பார்கள். "எங்களுக்குத் தெனமும் சாம்பல் புதன்தான் மைனி" என்பாள்.

இன்று சாயங்காலம் வந்தவள் ஒரு செம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு இன்னொன்று கேட்டாள்.

"ஆபீஸ்ல தண்ணி இல்லியாட்டி?"

"தண்ணிக்கு என்ன, இருக்கு. குடிச்சா போவணும்லா."

பெண்களுக்கென்று பின்னால் ஒரு மறைப்பு இருக்கிறது, கதவு கிடையாது. கொட்டை வறுக்கிற ஆண்கள் அந்த வழியாகத்தான் விறகெடுக்கப் போவார்கள். அதனால் ஒருத்தி உள்ளே போனால் இன்னொருத்தி வாசலில் காலிச் சாக்கை விரித்துப் பிடிக்க வேண்டும். "சாக்குப் பிடிக்க வாட்டீ" என்றால் போதும், அங்கே எல்லாருக்கும் புரியும். செறாபிக்குப் பிடிப்பது பகவதி, பகவதிக்கு இவள். "ஞானஸ்நானம் இல்ல, கல்யாணம் இல்ல, ஆனா பிரிக்க முடியாத உறவாக்கும்" என்று சிரித்தாள்.

மேஸ்திரியாக இருந்துகொண்டு ஒரு கதவு போட்டுத் தரக்கூடாதா என்று இவரிடம் கேட்டேன். "முதலாளிட்ட சொல்லியாச்சு" என்றார். எப்போது சொன்னார் என்று நான் கேட்கவில்லை.

மார்ச் 8, ஞாயிறு

பூசை முடிந்ததும் கோயில் முற்றத்தில் மகளிர் தினம். ஜெறோம் முதலாளி தலைமை. பெண்கள் குடும்பத்தின் குத்துவிளக்கு என்று பேசினார். எல்லாருக்கும் பிளாஸ்டிக் கூடை கொடுத்தார், எனக்குப் பச்சை. அப்புறம் ஓர் அறிவிப்பு. நம் சூசையப்பர் கோயில் தலைவாசலுக்குத் தேக்குக் கதவு செய்துகொடுக்கிறாராம், இறக்கை விரித்த சம்மனசுகள் செதுக்கி. மே ஒன்றாம் தேதி, தொழிலாளர் சூசையப்பர் திருநாளில் ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரிப்பார். எல்லாரும் கைதட்டினோம்.

கடைசியில் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்திலிருந்து வந்திருந்த பிலோமி டீச்சருக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள். மைக்கைப் பிடித்து "மாண்புள்ள வேலை" என்று ஆரம்பித்தார். சாப்பாடு ஆறுகிறது என்று யாரோ சொன்னார்கள். டீச்சர் மைக்கை வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் ஆபீஸ் பெண்களோடு போய் உட்கார்ந்தார்.

"முதல்ல உங்களுக்கு என்ன வேணும்? ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க."

 கூடை கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு வந்திருந்த பகவதிதான் சொன்னாள்: "கதவு."

ஒரு சிரிப்பு எழுந்தது. "கோயிலுக்குப் போட்ட பொறவு மிச்சப் பலகை கெடந்தா போதும்" என்றாள் செறாபி. இன்னும் பெரிய சிரிப்பு. டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை.

மார்ச் 19, வியாழன். சூசையப்பர் திருநாள்

மரச்சீனிக் கிழங்கு அவித்தேன். செறாபி அடுக்களைக்குள் வந்து, தாழ்ந்த குரலில் சொன்னாள். வருகிற திங்கட்கிழமை ஐந்து பேர் டவுனுக்குப் போகிறார்கள். பிலோமி டீச்சர் லேபர் ஆபீஸுக்குக் கூட்டிப்போவார். கதவு மட்டுமல்ல, கைக்கு உறை, பிரசவ லீவு, பி.எப். எல்லாம் மனுவில் இருக்கிறதாம். ஐந்து பேரும் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட வேண்டும். அன்றைக்கு அவர்கள் வேலையில் இருக்கிறவர்களாக இருக்க வேண்டும், அதுதான் முக்கியம். முன்கூட்டித் தெரிந்தால் முதலாளி, இவர்கள் என் ஆட்களே இல்லை என்று சொல்லிவிடுவார். அடையாள அட்டை, சம்பளச் சீட்டு ஒன்றும் யாரிடமும் இல்லை.

"அண்ணனுக்குத் தெரியாண்டாம் மைனி."

"நான் ஏன் சொல்லப்போறேன்?"

"செபிச்சுக்கிடுங்க. சும்மா பொதுவா செபிக்காண்டாம், கேட்டியளா. பேரு சொல்லி செபியுங்க. அப்பந்தான் மாதாவுக்கு ஆளு மாறாது."

பேர்களைச் சொன்னாள்.

மார்ச் 20, வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை. வந்து செபமாலை.

எனக்கு வாய்விட்டுச் செபித்தால்தான் செபம். மனதுக்குள் சொன்னால் பாதியில் அடுப்பும் பாலும் வந்து குறுக்கே நிற்கும். செபப்புத்தகத்தை எழுத்துக்கூட்டித்தான் படிக்கவே கற்றேன், அந்தப் பழக்கம். செபமாலையின் ஐந்து துயர மறைபொருள்களையும், ஒவ்வொன்றுக்கும் பத்து மணியாக, ஐந்து பேருக்கு ஒப்புக்கொடுத்தேன். பூங்காவனத்தில் இரத்த வேர்வை சிந்தியதை றெஜினாளுக்காக. கற்றூணில் அடிபட்டதைத் தங்கபாய்க்காக. முள்முடியைப் பகவதிக்காக. சிலுவை சுமந்ததை மரிய சைனிக்காக. சிலுவையில் உயிர்விட்டதைச் செறாபிக்காக. பேரை மட்டும்தான் சொன்னேன். காரியத்தைச் சொல்லவில்லை.

இவர் வழக்கம்போல் மூன்றாவது மறைபொருளில் சுவரோடு சாய்ந்து தூங்கிப்போனார். ஆனாலும் கடைசியில் "ஆமென்" சரியாகச் சொன்னார். முடிந்ததும் சட்டையை மாட்டிக்கொண்டு, சுமை லாரி வந்துவிட்டதா என்று பார்த்துவருவதாக வெளியே போனார்.

மார்ச் 21, சனி

காலையில் ஆபீஸ் கேட்டில் நான்கு பேரை நிறுத்திவிட்டார்கள். றெஜினாள், தங்கபாய், பகவதி, மரிய சைனி. ஒரு மாதமாக வேலைக்கே வராதவர்கள் என்று வாட்ச்மேன் சொன்னானாம். நேற்றுச் சாயங்காலம் இதே கேட்டைத் தாண்டி வீட்டுக்குப் போனவர்கள்.

செறாபியை மட்டும் உள்ளே விட்டிருக்கிறார்கள்.

ஊரில் யாரோ வாய் விட்டிருக்கிறார்கள். அத்தனை பேர் இருக்கிற ஊரில் இரகசியம் எங்கே நிற்கும்.

மார்ச் 22, ஞாயிறு

தலைவலி. செபமாலை சொல்லவில்லை.

மார்ச் 25, புதன்

இவர் நெய்மீன் வாங்கிவந்தார். தவக்காலத்துக்கு மீனை விட்டிருக்கிறேன் என்று தெரியும், மறந்துவிட்டாராம். பொரித்துப் போட்டேன். "ஷாலெட்டுக்க பீசுக்கு முதலாளி ஒத்துக்கிட்டாரு" என்றார். நல்லது என்றேன்.

திங்கட்கிழமை டவுனுக்கு யாரும் போகவில்லை. கிணற்றடியில் செறாபிக்குப் புதுப் பேர் வைத்திருக்கிறார்கள். யூதாசம்மா. ஐந்து பேரில் நான்கு பேர் வெளியே, மேஸ்திரிக்கு உடன்பிறந்தவள் மட்டும் உள்ளே. கணக்கு நேராக வருகிறதே, அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. பகவதி வழிமறித்துக் கேட்டாளாம்: "எவ்வளவுக்கு வித்தட்டி எங்கள? முப்பதுக்கா?" நம் கோயிலுக்கே வராத பகவதிக்கு, இயேசுவைக் காட்டிக்கொடுக்க யூதாசு வாங்கிய முப்பது வெள்ளிக்காசு தெரிந்திருக்கிறது.

"நீ என்னட்டி சொன்ன?" என்று கேட்டேன்.

"ஒண்ணும் சொல்லல" என்றாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள். துணி காய்கிறதா என்று பார்க்கக் கொல்லைக்குப் போய்விட்டேன். துணி காயவில்லை.

ஏப்ரல் 2, பெரிய வியாழன்

பாதம் கழுவும் சடங்கு. முன்பெஞ்சில் செறாபி உட்கார்ந்ததும் பக்கத்தில் இருந்த பெண்கள் எழுந்து பின்னால் போனார்கள். நான் போய் அவள் அருகில் உட்கார்ந்தேன். அவள் உதடு காய்ந்து வெடித்திருந்தது.

வரும் வழியில் கேட்டேன். ஆபீஸில் இப்போது அவளுக்கு யாரும் சாக்குப் பிடிப்பதில்லை. முதல் நாள் தனியாகப் போனாளாம். வறுக்கிறவன் ஒருத்தன் விறகோடு வந்துவிட்டான். பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. அதிலிருந்து காலையில் தண்ணீர் குடிப்பதை விட்டுவிட்டாள். சாயங்காலம் வீட்டுக்கு வரும்வரை அடக்கிவைக்கிறாள்.

"நீ அண்ணன்ட்ட சொல்லாண்டாமா?"

"எந்த அண்ணன்ட்ட?" என்றாள்.

ஏப்ரல் 3, பெரிய வெள்ளி

இன்று ஒன்றும் வாங்கவில்லை. கணக்கு இல்லை.

ஏப்ரல் 7, செவ்வாய்

செறாபி ஆபீஸில் உடைத்துக்கொண்டிருந்த கொட்டைமேலேயே விழுந்துவிட்டாள். குளிர்க்காய்ச்சல், இடுப்பில் தாங்கமுடியாத வலி. பெரியாஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறோம். டாக்டரம்மா, நீரை அடக்கி அடக்கிக் கிருமி சிறுநீரகம்வரை போயிருக்கிறது என்றார். "படிச்சுப் படிச்சுச் சொல்லுறோம், தண்ணி குடிங்கன்னு. ஏம்மா குடிக்க மாட்டேங்கிறீங்க?" என்று திட்டினார். கதவு இல்லை என்று நான் சொன்னேன். அவருக்குப் புரியவில்லை. அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

வீட்டுக்கு வந்து இவருக்குச் சோறு போட்டேன்.

"அந்த நாலு பேரு பேரை யாரு குடுத்தா?"

"எந்த நாலு பேரு?"

"அஞ்சு பேருல நாலு."

"எனக்க தங்கச்சி பேரை நான் சொல்லுவனா?" என்றார்.

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே புரிந்தது. கையை உதறிக்கொண்டு எழுந்தார். அப்புறம் கோபம் வந்தது.

"நான் ஒண்ணும் ஒட்டுக்கேக்கப் போவல. நீயாக்கும் சொன்னது. பத்துப் பத்து மணியா, ஒவ்வொருத்தி பேரா நீட்டி நீட்டிச் சொன்ன. நான் என்ன செவிடனா? டீச்சர்கூட மரத்தடியில இருந்தவளுவ பேரு, எதுக்குன்னு எனக்குத் தெரியாதா?"

"மாதாட்ட சொன்னேன்."

"மாதாவா சம்பளம் தாறா? மாதாவா பீசு கெட்டுகா? அஞ்சு பேரையும் சொல்லியிருந்தா இன்னும் நல்லாயிருந்திருக்கும் எனக்கு. கூடப்பொறந்தவளாச்சேன்னு ஒருத்திய மறைச்சேன். அவ வேலையில இருக்காளேன்னு சந்தோசப்படு."

"வேலையில இல்ல. ஆஸ்பத்திரியில இருக்கா."

மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றிவைத்தேன். காலைக்கு ஆகும்.

ஏப்ரல் 9, வியாழன்

ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி கொண்டுபோனேன். சொல்லிவிட வேண்டும் என்று வழியெல்லாம் வார்த்தை சேர்த்துக்கொண்டு போனேன். நான் வாயெடுக்கும் முன்பே செறாபி, "எனக்குத் தெரியும் மைனி" என்றாள்.

"எப்பம்?"

"கேட்டுல என்னைய மட்டும் உள்ள விட்டானுவளே, அப்பமே. என்னைய விடச் சொல்லுகதுக்கு எங்க அண்ணனை விட்டா வேற யாரு இருக்கா? அண்ணனுக்குப் பேரு யாரு குடுத்திருப்பான்னு யோசிச்சேன். நான்தானே பேரு சொல்லி செபிக்கச் சொன்னேன்."

"பின்ன ஏன் வாயத் திறக்கல? யூதாசம்மான்னு சொல்லுகாளுவ, கேட்டுட்டு இருந்தியே!"

"திறந்தா மட்டும்? குடும்பமே கள்ளக்கூட்டம்னுவாளுவ. நம்ம மூணு பேருக்கும் யூதாசு பட்டம் எதுக்கு, நான் ஒருத்தி சுமந்தா போதாதா?" கஞ்சியைக் குடித்தாள். "உப்பு இல்ல மைனி."

உப்புப் போட மறந்திருக்கிறேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் கஞ்சிக்கு உப்பு மறந்ததில்லை.

ஏப்ரல் 12, ஞாயிறு

பாவசங்கீர்த்தனத்தில் ஃபாதரிடம் சொன்னேன். "செபிச்சது பாவமாகாதும்மா" என்றார். செபித்ததை நான் பாவம் என்று சொல்ல வரவில்லை என்றேன். கதவு மந்திரிப்பு முடியட்டும், பங்கில் சமாதானம் கெடவேண்டாம், பிறகு பேசலாம் என்றார். மூன்று அருள்நிறை மந்திரம் அபராதம். அங்கேயே முழந்தாளில் சொல்லி முடித்தேன். ஒரு பாரமும் இறங்கவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

பகவதி வீட்டுக்குப் போனேன். இப்போது செங்கல் சூளைக்குப் போகிறாள். விஷுவுக்கு வைத்த கொன்றைப்பூ வாடி வாசலில் கிடந்தது. உட்காரச் சொல்லவில்லை. நின்றுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன், செபமாலையிலிருந்து நெய்மீன்வரை.

கேட்டுவிட்டு இடுப்பில் கைவைத்துக்கொண்டாள்.

"எனக்க பேரை உங்க மாதாட்ட சொல்லச் சொல்லி நான் கேட்டனா? எனக்கு வேண்டுகதுக்குக் கோயில் இல்லியா? எங்க அம்மன்ட்ட நான் வேண்டினா, பக்கத்துல நிக்கவனுக்கே கேக்காது. நீங்க என்னடான்னா மைக்கு வச்சு வேண்டியிருக்கீங்க."

நான் அழுதேன். அதற்கும் அவள் இளகவில்லை.

"அழுகைய அங்க வந்து அழுங்க. டீச்சர் குடுத்த மனுவுக்கு இருபத்தெட்டாந் தேதி லேபர் ஆபீஸ்ல கூப்பிட்டிருக்கான். நாங்க தானா நின்னவங்கன்னு முதலாளி எழுதிக் குடுத்திருக்கான். இல்ல, பேரு குடுத்து நிறுத்தினதுதான்னு நீங்க வந்து சொல்லணும். மேஸ்திரிக்க பொண்டாட்டி சொன்னா எடுபடும்."

வருகிறேன் என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது.

படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டாள்: "அவ தண்ணி குடிக்காளா?"

ஏப்ரல் 27, திங்கள்

அரிசி ஊறப்போட்டேன். அரைத்தேன். சேலையை மடித்துவைத்தேன். நாளை டவுனுக்குப் போகிறேன் என்று இவரிடம் சொன்னேன். எதற்கு என்று கேட்டார். சொன்னேன்.

"போனா இந்த வீட்டு அடுப்பு அணையும், பாத்துக்கோ."

"பாத்துக்கிட்டேன்" என்றேன்.

ஏப்ரல் 28, செவ்வாய்

நான்கு பேர், ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இன்னும் முகம் தெளியாத செறாபி, பிலோமி டீச்சர், நான். பஸ்ஸில் செறாபிக்குப் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை, நான் உட்கார்ந்தேன். பகவதி எல்லாரிடமும் சொல்லியிருக்கிறாள். ஆனாலும் பழகின முகத்தைத் திருப்பி வைத்துவிட்டால், திரும்ப நேரே கொண்டுவர நாளாகும்போல.

மதியம்வரை வராந்தாவில் காத்திருந்தோம். முதலாளி வரவில்லை, மேனேஜர் வந்திருந்தார். அதிகாரி என்னிடம் கேட்டார்.

"பேரை உங்க கணவர்தான் கொடுத்தாருன்னு எப்படித் தெரியும்?"

"அவரே சொன்னாரு."

"அவருக்கு எப்படித் தெரிஞ்சுது?"

"நான் செபத்துல சொன்னேன்."

மேனேஜர் சிரித்தார். அதிகாரியும் பேனாவை வைத்துவிட்டார். "செபத்துல சொன்னதையெல்லாம் ரெக்கார்டுல ஏத்த முடியாதும்மா."

"நான் செபத்துல சொன்னது வெள்ளிக்கிழமை. கேட்டுல நிறுத்தினது சனிக்கிழமை. ஒரு மாசமா வேலைக்கு வராதவங்கன்னா, அவங்க பேரைக் கேட்டதும் இவரு ஏன் சட்டைய மாட்டிக்கிட்டு ஓடணும்? அதை ஏத்துங்க" என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாகக் கேட்டது. பிலோமி டீச்சர் என் முதுகில் கைவைத்தார். அதிகாரி ஏதோ எழுதினார். எழுதியதை வாசித்துக் காட்டவில்லை. விசாரணையை ஜூனுக்குத் தள்ளிவைத்துவிட்டார்.

வெளியே வந்ததும் றெஜினாள், "அம்புட்டுதானா?" என்றாள். 

பஸ் ஏறுமுன் லேபர் ஆபீஸின் பின்பக்கம் போனோம். பெண்கள் கழிப்பறைக்குக் கதவு இருந்தது, கொண்டிதான் இல்லை. கைவிட்டால் தானாகத் திறந்துகொள்கிறது. பகவதி எட்டிப் பார்த்துவிட்டு, "நம்ம மனுவ இங்கயும் ஒண்ணு குடுத்துட்டுப் போவோமா டீச்சர்?" என்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். செறாபியின் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"வாட்டீ. எவ்வளவு நேரம் அடக்குவ?"

செறாபி அசையவில்லை. பகவதி அவள் கையைப் பிடித்து இழுத்து உள்ளே தள்ளினாள். கதவு திறந்துகொண்டது. பகவதி என்னைப் பார்த்தாள்.

"மைனி, என்ன பாத்துட்டு நிக்கிய? பிடியுங்க."

என்னை அவள் மைனி என்று கூப்பிட்டது இன்றுதான். முந்தானையை எடுத்து இரண்டு கையாலும் விரித்து வாசலுக்குக் குறுக்கே நின்றேன். ஆண்கள் இரண்டு பேர் பீடி பற்றவைத்துக்கொண்டு அந்தப் பக்கம் வந்தார்கள். நான் நகரவில்லை. அவர்கள் திரும்பிப் போனார்கள்.

ஏப்ரல் 30, வியாழன்

இவரை மேஸ்திரி நாற்காலியிலிருந்து எடுத்து மூட்டை இறக்குகிற இடத்தில் போட்டுவிட்டார்கள். "உனக்க வீட்டுல செபம் கொஞ்சம் சத்தம் கூடுதலோ தொபியாசே?" என்று எல்லார் முன்னாலும் முதலாளி கேட்டாராம். தோள் வீங்கி வந்திருக்கிறார். தைலம் தேய்த்துவிட்டேன். 

இனி முதலாளி தரமாட்டார், ஷாலெட்டின் பீசுக்கு என் வளையல்தான். கணக்கில் எழுத வேறு வழி இல்லை.

மே 1, வெள்ளி

தொழிலாளர் சூசையப்பர் திருநாள். கதவை மந்திரித்தார்கள். நல்ல வேலைப்பாடு. சம்மனசுகளின் இறக்கைகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. திறந்து மூடினால் சத்தமே இல்லை. ஜெறோம் முதலாளிக்குச் சால்வை போர்த்தினார்கள். செறாபி வரவில்லை, திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும் என்று படுத்திருக்கிறாள். போனால் யார் சாக்குப் பிடிப்பார்கள் என்று கேட்டேன். உடைப்பில் இருக்கிற ஒருத்தி, பார்க்கலாம் என்று சொல்லியனுப்பியிருக்கிறாளாம். அந்த அளவுக்குத்தான் ஆகியிருக்கிறது.

வீட்டுக்கு வந்து செபமாலை சொன்னோம். வெள்ளி, துயர மறைபொருள்கள். யாருக்காக என்ற கருத்தை வாய்விட்டுச் சொல்லவில்லை. ஒவ்வொரு பத்து மணிக்கும் முன்னால் கொஞ்சம் நிறுத்தினேன், அவ்வளவுதான்.

இவர் ஐந்தும் முடியும்வரை கண்ணை மூடவில்லை.